பன்னிரண்டு பக்கம் மீதி

கிளை நூலகத்தின் நூலகர் நாகஜோதிக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் தணிகைவேல். பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். குருவைவிட நான்கு வயது மூத்தவர்.

எதைப் படிக்கலாம் என்று கேட்க வந்தவர், மூன்று ஆண்டுகளில் எதைச் செய்யலாம் என்றும் அவரிடமே கேட்கத் தொடங்கிவிட்டார். செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். இருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அன்று காலை தணிகைவேல் நூலகத்து நாவல் ஒன்றை மேசைமேல் வைத்தார். அட்டையில் சந்தனமும் குங்குமமும். அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ.

"என்ன சார், புத்தகத்துக்குக் கல்யாணமா?" என்றார் நாகஜோதி.

"விளையாடாதீங்க மேடம். எனக்குப் பத்து நாளா சோறே இறங்கல."

நடந்ததைச் சொன்னார்.

சரஸ்வதி பூஜை அன்று வீட்டிலிருந்த எல்லாப் புத்தகங்களையும் படத்தின் முன் அடுக்கிப் பொட்டு வைத்திருக்கிறார். இந்த நாவலையும் சேர்த்துத்தான். அதை அவர் மனைவி சுகந்தி படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பக்கம்தான் மீதி. மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அடுக்கிலிருந்து அதை மெல்ல உருவினாள்.

"தொடாதே!" என்று கத்திவிட்டார். "பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அவள் தங்கை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் எல்லாப் புத்தகங்களையும் எடுத்தார்கள். அந்த நாவலைச் சுகந்தி எடுக்கவில்லை. குளித்துவிட்டு வந்து அதற்கு ஒரு பூ வைத்தாள். கும்பிட்டாள். சமையலறைக்குப் போய்விட்டாள். பதினொரு நாளாக இதுதான் நடக்கிறது.

"படியேன்னு சொன்னேன் மேடம். 'சாமியப் போய் யாராவது படிப்பாங்களா'ங்கறா. கோபத்துல செய்யறாளா, நிஜமாவே கும்பிடறாளான்னு தெரியல."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே வெச்சுக்கோங்க'ங்கறா."

செய்தித்தாளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். தணிகைவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்னெல்லாம் சோறு கொதிக்கற நேரத்துல நாலு பக்கம் படிச்சிடுவா. சாப்பிடும்போது அந்தக் கதையைச் சொல்லுவா. இப்ப வீட்டுல தட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்குது. படிக்கறதையே விட்டுடுவாளோன்னு பயமா இருக்கு. இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு வேற ஏதாவது நல்லதா குடுங்க."

"இது என்ன கதைன்னு தெரியுமா?"

தணிகைவேல் தலையைச் சொறிந்தார். "அவ சொல்லுவா. நான் பாதிதான் காதுல வாங்குவேன்."

"உக்காருங்க."

நாகஜோதி பூவை எடுத்து ஓரமாக வைத்தார். கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

பவுனு என்ற பெண் தெருமுனையில் துணி தேய்க்கிறாள். யாரோ ஒரு வெளியூர்க்காரர் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தேய்க்கும்போது சட்டைப்பையில் ஏதோ சரசரக்கிறது. எடுத்துப் பார்க்கிறாள். ஒட்டிய கடிதம். மேலே அவளுடைய பெயர்.

இடையில் ஒருவர் புத்தகத்தைப் புதுப்பிக்க வந்தார். நாகஜோதி அவருக்கு முத்திரை குத்தி அனுப்பும் வரை தணிகைவேல் வந்தவரையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

பவுனு கரி அணைந்ததைக் கவனிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். உறையின் ஓரத்தைக் கிழிக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் சுகந்தி அடையாளத்துக்கு வைத்த தீக்குச்சி இருந்தது. நாகஜோதி வாசிப்பதை நிறுத்திப் புத்தகத்தை மூடினார்.

"அப்புறம்?" என்றார் தணிகைவேல்.

அவரே புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!"

நூலகமே திரும்பிப் பார்த்தது. தணிகைவேல் கையை இழுத்துக்கொண்டார். காது மடல்கள் சூடேறின.

"புரியுது மேடம். ஆனா எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுல இருந்த ஒரே புத்தகம் என் பாடப்புத்தகம்தான். அதுக்குப் பொட்டு வெக்கும்போது அம்மா கையை முந்தானையில துடைச்சுப்பாங்க. பக்கம் அழுக்காயிடுமோன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு வெப்பாங்க. அது தப்பா?"

"இல்ல சார்."

"அப்ப சுகந்தி எடுத்தது தப்பா?"

"இல்ல சார்."

"ரெண்டும் எப்படி மேடம் தப்பில்லாமப் போகும்?"

"தெரியல சார்."

குருவிடமிருந்து இப்படி ஒரு பதிலைத் தணிகைவேல் எதிர்பார்க்கவில்லை. வந்தபோது இருந்ததைவிட இப்போது அவருக்குக் குழப்பம் கூடிவிட்டது.

நாகஜோதி நாவலில் புதிய தேதியைக் குத்தி அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதையே திருப்பிக் கொண்டு போகவா? போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவங்ககிட்ட கேளுங்க."

தணிகைவேல் அவரை விழித்துப் பார்த்தார்.

"அது அவளுக்கும் தெரியாதே மேடம்."

"அதனாலதான் சார்."