மயிலாள் சொன்ன சாட்சி

இருவாச்சிப் பறவைகளின் கூடுகளுக்குக் காவல் இருக்கும் காடர் பழங்குடிப் பெண் மயிலாள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை அருகே நின்றாள். நேற்று அவள் ஆற்றின் மறுகரைக்குப் போயிருந்த சமயத்தில் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். கூடில்லாத மரங்கள் என்று ரேஞ்சர் எழுதிய பட்டியலில் இன்னும் பதினொன்று இருந்தன. ஆய்வுக்கு வந்திருக்கும் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால் அவையும் விழும்.

“இதுல கூடு இருந்துச்சுங்க ஐயா” என்றாள் அதிகாரியிடம்.

ரேஞ்சர் சிரித்தார். “மரமே லாரி ஏறிப் போயாச்சு. எங்க, அந்தக் கூட்டைக் காட்டு பாப்போம். இல்ல, சாட்சி எவனாவது இருக்கானா?”

“இருக்குங்க சார். இரை தேடப் போயிருக்கு. வர்ற நேரந்தான், கொஞ்சம் நில்லுங்க.”

சற்று நேரத்தில் பெரிய சிறகுகளின் ஓசை கேட்டது. மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாத்திருந்த பெட்டைக்கு ஊட்ட, அலகில் அத்திப்பழத்தோடு ஆண் இருவாச்சி வந்தது. பொந்து இருந்த உயரத்தில், வெறும் காற்றை அது சுற்றிச் சுற்றி வந்தது. ரேஞ்சர் தரையைப் பார்த்தார்.

அதிகாரி பட்டியலைக் கிழித்துப் போட்டார்.

“ஜெயிச்சுட்டம்மா. இன்னும் என்ன செய்யணும், சொல்லு.”

மயிலாள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுகிட்ட யாராச்சும் சொல்லணுங்க ஐயா.”