இலுப்பைக் கட்டையும் கறையான் புற்றும்

காட்டோரக் குட்டை வற்றிக்கொண்டிருந்தது. அதில் மிச்சமிருந்தவை ஓர் ஆமையும், வயிற்று மடிப்பில் குஞ்சுகளைச் சுமந்த ஒரு நண்டும்தான். ஈரம் காய்ந்தால் குஞ்சுகள் பிழைக்காது.

விடிந்ததும் ஆள்காட்டிக் குருவி ஒன்று வந்து இறங்கியது.

"கோரைக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி தளும்புகிறது! இதோ, இந்த இலுப்பைக் கட்டையிலிருந்து அந்தக் கறையான் புற்றுக்குப் போங்கள். அப்படியே வளையாமல் போனால் ஏரிதான்!"

சொல்லிவிட்டு அது பறந்துவிட்டது.

"புற்றுதானே? அது போதும்!" என்று நண்டு ஓடியது. புற்றை அடைந்ததும் நேரே கோரைக்குள் நுழைந்தது. நண்டுக்கு நேரே என்றால் பக்கவாட்டில்தான், கேட்க வேண்டுமா!

ஆமைக்கு அவ்வளவு அவசரம் வராது. கட்டையடியில் நின்று, எழும் சூரியனைப் பார்த்தது. கிழக்கே நூற்றிருபது அடி எடுத்து வைத்தது. பிறகு வடக்கே நாற்பது. புற்று வந்துவிட்டது.

"அப்படியானால் கிழக்கே மூன்று வைத்தால் வடக்கே ஒன்று" என்று முணுமுணுத்தது. சந்தேகம் தீராமல் திரும்பிப் போய் இன்னொரு முறையும் அளந்துகொண்டு வந்தது.

அப்போது கோரை சலசலத்தது. நண்டு தள்ளாடி வந்தது. சுற்றிச் சுற்றிப் புற்றுக்கே வந்து சேர்ந்திருந்தது, பாவம்!

"ஆமையண்ணே, என் பிள்ளைகள் அசையவே இல்லையே! புற்றிலிருந்து நேராகத்தானே போனேன்?" என்று அழுதது.

"போனாய், தங்கச்சி. புற்றிலிருந்து உனக்கு ஒரு நேர், எனக்கு ஒரு நேர், எலிக்கு ஒரு நேர். கட்டையும் புற்றும் சேர்ந்தால்தான் எல்லாருக்கும் ஒரே நேர். சீக்கிரம் முதுகில் ஏறு!"

உள்ளே கோரை தலைக்கு மேல் நின்றது. கட்டையும் தெரியவில்லை, புற்றும் தெரியவில்லை. கோரை இடுக்கில் சூரிய வெளிச்சம் வந்த கிழக்குப் பக்கம் மட்டும் தெரிந்தது. ஆமை கிழக்கே மூன்றடி வைத்தது, வடக்கே ஓரடி வைத்தது. மறுபடி மூன்று, மறுபடி ஒன்று.

"அண்ணே, இந்தப் பக்கம் குளுகுளுவென்று இருக்கிறது. திரும்பலாமே!"

"சும்மா இரு! நீ திரும்பியதெல்லாம் போதும்!"

வெயில் உறைப்பதற்குள் கோரை விலகியது. எதிரே ஏரி! நண்டு சறுக்கி இறங்கி, மடிப்பைத் தண்ணீரில் விரித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குட்டிக் கால் ஆடியது. அடுத்து இன்னொன்று. தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் வழிதவறி எங்கேயோ போய் நிற்க வேண்டியதுதான். இரண்டு புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தவரே போக வேண்டிய இடத்துக்குப் போவார்.