வடு விழுந்த ரிவால்வர்

துப்பாக்கிக் கதை என்றதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். இதில் வெடிக்கும் குண்டு ஒன்றே ஒன்றுதான். அதுவும் எழுபது வருஷத்துக்கு முன்பே வெடித்து ஓய்ந்துவிட்டது. கவனமாக மட்டும் கேளுங்கள், முடிவில் உங்களை ஒரு கேள்வி கேட்பேன்.

திருச்சி பொன்மலையில் ரயில்வே பட்டறை ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணிக்குப் பழைய ரிவால்வர்கள் என்றால் உயிர். முறைப்படி உரிமம் வாங்கி ஒன்பது வைத்திருந்தார். மற்றவர்கள் கைப்பிடியின் அழகைப் பார்ப்பார்கள், அவர் எண்ணைப் பார்ப்பார். அந்த வகை ரிவால்வரில் உடலில் ஓர் எண் கொத்தியிருக்கும். குண்டு போடும் உருளையின் உள்பக்கத்திலும் அதே எண் பொடியாக இருக்கும். உரிமத்தில் ஏறுவது உடலின் எண் மட்டும். உருளையைக் கழற்றிப் பார்க்கிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். பொன்மலையில் அந்த ஒருவர் தான்தான் என்பதில் மாசிலாமணிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பத்தாவது ரிவால்வரைப் புதுக்கோட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியை சுலைகா பீவியிடம் வாங்கினார். அதன் உருளையில் குண்டடி பட்ட வடு ஒன்று இருந்தது.

"பன்றி வேட்டையில கூட வந்தவர் சுட்டது தெறிச்சு எங்க அத்தா இடுப்புல இருந்த இதுல பட்டுச்சாம். இது இல்லன்னா அத்தா இல்ல. ஒரு திருகாணியக்கூட மாத்த மாட்டேன்னு சொல்லுங்கண்ணே, தர்றேன்" என்றார் சுலைகா பீவி.

"கழட்டிப் பாப்பேம்மா, மாத்த மாட்டேன். சத்தியம்" என்றார் மாசிலாமணி.

வீட்டுக்கு வந்து கழற்றினார். உடலில் 4132, உருளையில் 4127. பல்லிடுக்கில் மாம்பழ நார் சிக்கியதுபோல அது அவரை ஒரு மாதம் படுத்தியது.

அடுத்த மாதம் கீரனூர்ப் பக்கத்திலிருந்து நல்லதம்பி என்பவர் தன் வீட்டு ரிவால்வரின் வரலாறு கேட்டு வந்தார். முன்னதன் இரட்டைப் பிறவி, ஆனால் வடு இல்லை. மாசிலாமணி உருளையைக் கழற்றினார். உடலில் 4127, உருளையில் 4132. துள்ளிக் குதிக்காத குறை. நல்லதம்பியின் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

"எங்க தாத்தா நெல் யாவாரி சார். சந்தைக்குப் போயிட்டு வர்றப்ப வழிப்பறிக்காரன் சுட்ட குண்டு, இடுப்புல இருந்த துப்பாக்கியில பட்டு உசுரு தப்பிச்சாரு. அவரு போனப்புறம் எலெக்சன் வந்துச்சு. எல்லாத் துப்பாக்கியயும் ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொன்னாங்க. ஊர்ல கலவரம், ஆயுத பூஜை வரைக்கும் திருப்பித் தரல. பூஜைக்கு மறுநா எங்கப்பா போயி வாங்குனாரு. பாத்தா வடுவக் காணோம். இது எங்களது இல்லைங்கன்னாரு. நம்பர் உன்னுதுதானே, போய்யான்னு தொரத்திட்டாங்க."

அன்றிலிருந்து ஊரில் அவர்கள் வீட்டுக்குப் 'புளுகு வீடு' என்று பெயர். அந்த அப்பா அதற்குப்பின் ஒரு பந்தியில் உட்கார்ந்ததில்லை. போன வருஷம் சாகும்போதுகூட, "வடு இருந்துச்சுடா" என்றுதான் சொன்னாராம்.

ஒப்படைத்தபோது ஸ்டேஷனில் கொடுத்த ரசீது இரண்டு துப்பாக்கிகளோடும் வந்திருந்தது; மாசிலாமணி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஒரே ஸ்டேஷன், ஒரே நாள்; சுலைகாவின் குடும்பம் அப்போது கீரனூர்ப் பக்கம்தான் இருந்திருக்கிறது. மீதியை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்குப் பட்டறையே பிரிந்து கிடப்பதை வருஷா வருஷம் பார்த்தவர். ஸ்டேஷனில் யாரோ ஒரு பக்திமான் துப்பாக்கிகளைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாட்டும்போது உருளையை மாற்றி மாட்டிவிட்டார். திரும்பி வந்த துப்பாக்கியில் புதிதாக ஒரு வடுவைக் கண்ட சுலைகாவின் தகப்பனாருக்கு, ஸ்டேஷன் படியை மறுபடி மிதிப்பதைவிட ஒரு பன்றியைக் கதையில் ஓடவிடுவது சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த வாரம் அப்பாவுக்குத் தெவசம். ஊரே வருது. எங்க உருளைய எங்க துப்பாக்கியில மாட்டிக் குடுங்க சார், உங்களத நீங்க வச்சுக்குங்க. நம்பரும் சரியாயிரும். அன்னிக்கே அந்தப் பேரு போகணும்" என்றார் நல்லதம்பி. அறுபது வயது மனிதர், கை கூப்பிவிட்டார்.

மாசிலாமணி சுலைகா பீவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். "சத்தியம் பண்ணியிருக்கீங்கண்ணே. ஒண்ணும் மாத்தாதீங்க. அத்தா தொட்டது தொட்டபடி இருக்கணும்" என்றார் சுலைகா பீவி.

மாசிலாமணி மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார். வடு உள்ள ரிவால்வரை அப்படியே நல்லதம்பிக்குக் கொடுத்துவிட்டு அவருடையதைத் தான் வாங்கிக்கொள்வது. திருகாணி அசையாது, சத்தியம் நிற்கும், வடுவும் வீடு போய்ச் சேரும்.

உருளையை மாற்றச் சொன்னவர் நல்லதம்பி. எதையும் தொடாதே என்றவர் சுலைகா பீவி. ரிவால்வரையே மாற்றிக்கொள்ளலாம் என்றவர் மாசிலாமணி. புளுகு வீடு என்ற பெயர் போக வேண்டுமென்றால், இவர்களில் யார் சொன்னதைச் செய்வது சரி?

விடை: சுலைகா பீவி சொன்னதுதான் சரி, அவர் சொன்ன காரணம் வேறு என்றாலும். உருளையை மாற்றினால் எண்கள் சேர்ந்துவிடும்; "திருச்சிக்குப் போய்ப் புதுசா வடு போட்டுட்டு வந்துட்டான்" என்று ஊர் சொல்லும். ரிவால்வரையே மாற்றினால், உடலின் எண் உரிமத்தோடு சேராது. அடுத்த வீட்டுத் துப்பாக்கியைக் காட்டுகிறான் என்பார்கள். இறந்த மனிதருக்கு இருக்கும் ஒரே சாட்சி, இரண்டிலும் எண்கள் மாறிக் கிடப்பதுதான். தவற்றைத் திருத்தினால் சாட்சி போய்விடும். ஆகவே இரண்டும், ஸ்டேஷனில் முறையாகச் சொல்லிவிட்டு, இருந்தபடியே திவசத்துக்குப் போயின. ஊர் நடுவில் வைத்துக் கழற்றிக் காட்டியவர் மாசிலாமணி. நான்கு எண்களையும் உரக்கப் படித்தவர், யாரும் அழைக்காமலே பஸ் ஏறி வந்திருந்த சுலைகா பீவி. "எங்க அத்தா சொன்னதுதாங்க கதை. இந்த வீட்டுப் பெரியவரு சொன்னது நெசம்" என்றார். நல்லதம்பி அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.