முந்தி வந்த செருப்புகள்

ஷோகன்-ஜி கோயிலுக்கு வழி கேட்டால், பஸ் நிலையத்தில் பக்கத்துக் கோயிலுக்குத்தான் கை காட்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜப்பானில், ஒரு மலையோரத்தில், அடுத்தடுத்து இரண்டு கோயில்கள். ஒன்றில் ஐந்தடுக்குக் கோபுரம், சிவப்புப் பாலம், வாசலில் ஐஸ்கிரீம் கடை எல்லாம் உண்டு. ஷோகன்-ஜியில் இருப்பது எண்ணூறு வருஷத்து மரச்சிலை ஒன்று. கன்னோன் என்கிற கருணைத் தெய்வம். ஐஸ்கிரீம் கிடையாது.

அங்கே இரண்டே பேர். குரு மியோஷுன், நாற்பத்தைந்து வயதுப் பெண் துறவி. சீடர் ஜிக்கோவுக்கு அறுபத்து மூன்று. ஆமாம், சரியாகத்தான் சொல்கிறேன், சீடருக்குத்தான் வயது கூடுதல்.

ஜிக்கோ முப்பத்தொரு வருஷம் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மைக்கில் ஒரே வரி சொல்வார்: "இடது பக்கம் ஒரு பழைய கோயில். பார்க்க ஒன்றும் இல்லை." ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் வண்டி சூடாகி அதே இடத்தில் நின்றது. தண்ணீர் கேட்டுப் படியேறினார். சிலையைப் பார்த்தார். வந்த காரியத்தை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே நாற்பது பேர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுவாரம் தலையை மழித்துக்கொண்டு சீடராக வந்து சேர்ந்தார். அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒருநாள் காலையில் அவர் குருவிடம் கேட்டார்.

"அம்மா, இங்க ஏன் யாருமே வர்றதில்ல?"

மியோஷுன் முள்ளங்கிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "பஸ் ஓட்டுனது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"பாதை குறுகல். பெரிய வண்டி திரும்பாது."

"சரி."

"கோபுரம் இல்ல. தங்கத் தகடு இல்ல. நின்னு போட்டோ எடுக்க ஒரு பாலம்கூட இல்ல."

"அதுவும் சரி."

"பக்கத்துக் கோயில்ல நாப்பது நிமிஷம். அதை முடிச்சா சாப்பாட்டு நேரம். பசியோட எவன் இன்னொரு கோயில் பாப்பான்?"

"வேற?"

"வேற ஒண்ணும் தோணல."

"தோணும்போது சொல்லுங்க" என்று அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். ஜிக்கோவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த வாரமே தலைமை மடத்திலிருந்து கடிதம் வந்தது. கைசென் என்கிற மடத்து அதிகாரி பத்தாம் தேதி காலையில் வருகிறார். கும்பிட ஆள் வராத கோயில் என்று அவருக்குத் தெரிந்தால், வாசலைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார். கன்னோன் சிலை தலைமை மடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும்.

இத்தனை வருஷம் ஜனங்களை இந்த வாசலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனது தான்தானே என்று ஜிக்கோவுக்கு உறுத்தியது.

"ஏதாவது பண்ணணும்மா."

"பண்ணலாம். ஜன்னல் காகிதம் கிழிஞ்சிருக்கு, ஒட்டிடுங்க."

அங்கே ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் காகிதம்தான். அதை ஒட்டினார். ஒட்டும்போதே மண்டையில் ஒரு யோசனை ஓடியது. ஜப்பானில் எந்தக் கோயிலிலும் காலணியை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேருந்து ஓட்டிய நாளில், உள்ளே எவ்வளவு கூட்டம் என்பதை அவர் வாசலில் கிடக்கும் காலணிகளை வைத்தே கணித்துவிடுவார். வருகிற அதிகாரியும் முதலில் அதைத்தானே பார்ப்பார்?

ஒன்பதாம் தேதி, பெரிய துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இருந்த ஊருக்கு இறங்கினார். பதினான்கு வீடுகள். அங்கே இருப்பவர்கள் பழைய குடிகள் அல்ல. எங்கேயோ அணை கட்டியபோது ஊரோடு கிளம்பி வந்து குடியேறியவர்கள். முதல் வீட்டில் சோயாப் பாலில் டோஃபு செய்யும் சாயோ என்கிற பெண், ஈரக் கையோடு கதவைத் திறந்தாள்.

"ஒரு ஜோடி செருப்பு இரவல் வேணும்" என்றார் ஜிக்கோ.

அவள் அவர் காலைப் பார்த்தாள். காலில் செருப்பு இருந்தது. "யாருக்கு?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயிலுக்கு?"

"மேல, ஷோகன்-ஜி."

"அது பூட்டிக் கிடக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"இல்லம்மா. தினமும் காலையில தெறந்துதான் இருக்கு."

"இருபத்திரெண்டு வருஷமா இங்க இருக்கேன். யாரும் சொல்லலியே." அவள் வயலுக்குப் போட்டுப் போகும் ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். "எங்கள மாதிரி ஆளுங்க உள்ள வரலாமா?"

"தாராளமா வரலாம்."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். சாயங்காலம் அவர் பை நிறைய செருப்போடு மூச்சு வாங்கப் படியேறினார்.

பத்தாம் தேதி காலை, வாசலில் பதினான்கு ஜோடி. எல்லாம் ஒரே வரிசையில், நூல் பிடித்த மாதிரி அடுக்கியிருந்தார். மியோஷுன் வந்து பார்த்தார்.

"யாரோடது இதெல்லாம்?"

ஜிக்கோ ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துத் தலை குனிந்து நின்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

"எல்லா வீட்டுக்கும் போனீங்களா?"

"போனேம்மா."

"ம்" என்றார் குரு. அதற்குள் படியில் ஆள் அரவம் கேட்டது.

கைசென் வாசலில் நின்றார். செருப்புகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. நான் கேள்விப்பட்டது வேற" என்றபடி தன் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளே கன்னோன் மட்டும் இருந்தது.

"ஆளுங்க எங்க?"

ஜிக்கோ அப்படியே தரையில் நெற்றி பட விழுந்தார். "தப்பு என்னோடதுங்க. செருப்பு எல்லாம் இரவல். அம்மாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"சாமி முன்னாலயே பித்தலாட்டமா?" கைசென் குருவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆளுங்க இன்னும் வந்து சேரல" என்றார் மியோஷுன். "செருப்பு முந்திக்கிச்சு."

"விளையாடாதீங்க." கைசென் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கோயிலை மூடும் உத்தரவு. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா மூடியைத் திறந்தார். ஜிக்கோ தரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு குரல்.

"செருப்பு சாமி இருக்காரா?"

சாயோதான். வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்போடு மண்பாதையில் ஏறி வந்திருந்தாள். பின்னால் இன்னும் ஆறு பேர். ஒருவர் மகனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலை வெளியே விட்டபடி நொண்டிக்கொண்டு வந்தார்.

"வயலுக்குப் போகணும், பூட்ஸ் வேணும்" என்றாள் சாயோ. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். "தெறந்துதான் இருக்கு."

பஞ்சுச் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போகட்டுமா?"

"வாங்க" என்றார் மியோஷுன்.

ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயோ கன்னோனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பழைய ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சு. தண்ணிக்குள்ள போயிடுச்சு" என்றாள். ஒரு நிமிஷம் என்று வந்தவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கைசென் மூலையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். உத்தரவை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த வருஷம் வர்றேன்" என்றார் வாசலில். ஜிக்கோவைப் பார்த்து, "அப்ப என் செருப்பு மட்டும் இங்க இருந்தா நல்லா இருக்காது, பாத்துக்குங்க" என்றார். அவர் சிரித்தாரா என்று ஜிக்கோவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு, ஏழு ஜோடி மிச்சம் கிடந்தது. ஜிக்கோ அவற்றைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அம்மா, கூப்பிடு தூரத்துல இருக்காங்க. இவ்வளவு நாளா ஏன் வரல?"

மியோஷுன் கடைசி ஜோடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நான் இங்க வந்து பதினேழு வருஷம் ஆச்சு" என்றார். "அந்தம்மா பேரு சாயோன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

குரு குனிந்து பையை ஜிக்கோவின் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"செருப்ப நான் தூக்கிட்டு வர்றேன். வீடு எதுன்னு நீங்க காட்டுங்க."