ரேகை இல்லாத பெருவிரல்

ஞானபாய் நாற்பது வருஷம் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டைப்பால் அரித்து அரித்து அவள் விரல்களில் ரேகையே மிஞ்சவில்லை. முதியோர் பென்ஷனுக்காக மூன்றாவது தடவையும் மிஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ரேகை பதியலைன்னா நீ ஞானபாய்னு நான் எப்படி நம்புறது? தள்ளுபடி!" என்றார் ஆபீசர். கண்ணைப் படம்பிடிக்கும் மிஷின் அவர் பக்கத்திலேயே உறை பிரிக்காமல் கிடந்தது.

பென்ஷன் இல்லையென்றால் சர்க்கரை மாத்திரை இல்லை.

ஆபீசர் நோட்டையும் மைப்பெட்டியையும் தள்ளினார். "மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு இதுல பெருவிரலை வை. இன்னைக்கு நான் ஃபைலை மூடியாகணும்."

ஞானபாய் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். "அய்யோ சாரே, நான் ஞானபாய் இல்லேன்னு இப்பதானே சொன்னிய? அடுத்தவளுக்க மனுவை நான் வாங்கினா போலீசு பிடிக்காதா? அவ வந்து வைக்கட்டும்."

வரிசையே சிரித்தது. அவள் விரல் மை படாமல் ஃபைலை மூட முடியாது. முகம் சிவக்க ஆபீசர் கண் மிஷினின் உறையைக் கிழித்தார். ஞானபாய் அதில் கண்ணைக் காட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"ஞானபாய் வந்துட்டா சாரே," என்றாள். "இனி பென்ஷனுக்கு எங்க வைக்கணும் விரலை?"