ரெண்டு ஸ்பிரிங் பங்கு

“எதை இழுத்தாலும் இழுத்த மாதிரியே இல்ல மாஸ்டர்,”னாரு கலியமூர்த்தி.

மாஸ்டர் தவமணி நிமிர்ந்து பார்க்கல. பெஞ்சுக்கு அடியில உக்காந்து ஒரு நட்டை முறுக்கிட்டு இருந்துச்சு.

ஆத்தோரம் தகரக் கொட்டாய். வெளிய ‘தேகப்பயிற்சி சாலை’ன்னு போர்டு. மாஸ்டர் ஒரு பொண்ணு, கலியமூர்த்தியோட மக வயசுதான் இருக்கும். ஊதினா அக்கரைக்குப் போயிடும், அப்படி ஒரு உடம்பு. டீ கிளாஸைத் தவிர அது எதையும் தூக்கி யாரும் பார்த்ததில்ல. ஆனா மீசை முறுக்கின ஆளெல்லாம் அது முன்னாடி கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்க.

“என்னென்ன இழுத்தீங்கண்ணே?”

“எம் பையன் வீட்டுக்கே எக்சர்சைஸ் மெஷின் வாங்கிக் குடுத்தான்.”

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. துணி சீக்கிரம் காயுது.”

மாஸ்டர் நட்டை முறுக்குச்சு.

“ஏசி ஜிம்முக்கும் போனேன் மாஸ்டர். அங்க மெஷினே எண்ணுது. பத்துன்னா பத்துல கீச்சுன்னு கத்தி நிறுத்திடுது. என்னமோ பஸ்ஸுல ஸ்டாப்பிங் வந்த மாதிரி. இறங்கி வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“சின்ன வயசுல எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பக்கம் மரக் கைப்பிடி, நடுவுல அஞ்சு ஸ்பிரிங்கு. நெஞ்சுக்கு நேரா வச்சு விரிச்சு இழுக்கணும். சட்டை போடாம இழுத்தா ஸ்பிரிங்கு நெஞ்சைக் கிள்ளும் பாருங்க...” தன்னையறியாம நெஞ்சைத் தடவிக்கிட்டாரு. “தேங்காயெண்ணெயும் துருவும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்துக்கே தோள் விரியும் மாஸ்டர்.”

“பழைய இரும்புக் கடையில கிடைக்குமே.”

“நாலு வாங்கிட்டேன். எதுலயும் அந்த இழுவை இல்ல. அந்தக் காலத்து இரும்பு வேற.”

மாஸ்டர் இப்பத்தான் நிமிர்ந்துச்சு.

“உங்க வீட்டு ஸ்பிரிங்கு எங்க?”

கலியமூர்த்தி தகரக் கூரையைப் பார்த்தாரு. பதில் அங்க ஒட்டி வச்சிருக்கிற மாதிரி.

“இருக்கு.”

“கொண்டாங்க.”

மறுநாள் மஞ்சப்பையில கொண்டாந்தாரு. ஒரு கைப்பிடி. அதுல தொங்குற ரெண்டு ஸ்பிரிங்கு. துருப் பிடிச்சு, ரெண்டும் செத்த ஓணான் மாதிரி.

“மீதி?”

“பாகம் பிரிச்சோம் மாஸ்டர்.”

“இதையுமா?”

“அம்மா போன பிறகு எனக்கும் எங்கண்ணன் சபாபதிக்கும் சண்டை. ஆட்டுக்கல்லு அவருக்கு, குழவி எனக்குன்னு பிரிச்சோம். கடைசியா இது வந்துச்சு. ‘இதைப் போய் எதுக்குய்யா பிரிக்கணும், ஒருத்தன் வச்சுக்கங்க’ன்னு பெரிய மனுஷங்க தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. ‘நியாயம்னா நியாயந்தான்’னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னோம். அன்னைக்கு நாங்க ஒத்துப்போன விஷயம் அது ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு கைப்பிடி. மூத்தவருங்கிறதால அவருக்கு மூணு ஸ்பிரிங்கு.”

மாஸ்டர் சிரிக்கல. எந்திரிச்சு வந்து, தொங்குற ரெண்டு முனையையும் வெறுங்கையால பிடிச்சுச்சு.

“இழுங்கண்ணே.”

இழுத்தாரு. தோள் விரிஞ்சுச்சு. முகத்துல பழைய களை எட்டிப் பார்த்துச்சு.

மாஸ்டர் கையை விட்டுடுச்சு.

படார்னு ஸ்பிரிங்கு வந்து நெஞ்சுல விழுந்துச்சு.

“ஐயோ! ஏன் மாஸ்டர் விட்டீங்க?”

மாஸ்டர் உள்ளங்கையை விரிச்சுக் காட்டுச்சு. கொக்கி அழுத்தின இடம் கன்னிப்போயிருந்துச்சு.

“பிடி இல்லண்ணே. பிடி எங்க?”

கலியமூர்த்தி நெஞ்சைத் தேய்ச்சாரு. ரொம்ப நேரம் தேய்ச்சாரு.

“அடுத்த தெருவுல,”ன்னாரு.

மாஸ்டர் திரும்பவும் பெஞ்சுக்கு அடியில போயிடுச்சு.

அடுத்த தெருவுக்கு நடக்க ஒரு பீடி நேரம்கூட ஆகாது. அம்மா போனதுல இருந்து கலியமூர்த்தி அந்தப் பக்கம் போனதில்ல. கோயிலுக்கே ஊரைச் சுத்தித்தான் போவாரு. சாமியே பாவம், இவரு வர்றதுக்குள்ள நடை சாத்திடும்.

சபாபதி வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. முடி மொத்தமும் வெளுத்திருந்துச்சு.

கலியமூர்த்தி பையில இருந்து கைப்பிடியை எடுத்து நீட்டினாரு.

சபாபதி அதைப் பார்த்தாரு. தம்பியைப் பார்த்தாரு. விருட்டுனு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

உள்ள டிரங்குப் பெட்டி உருள்ற சத்தம். ‘அருவாளைத் தேடுறாரு’ன்னு நினைச்சாரு கலியமூர்த்தி. காலு திரும்பப் பார்த்துச்சு. மனசு நிக்கச் சொல்லுச்சு.

சபாபதி வெளிய வந்தாரு. கையில இன்னொரு கைப்பிடி, மூணு ஸ்பிரிங்கு.

மூணும் பளபளன்னு இருந்துச்சு. பொட்டுத் துரு இல்ல. தேங்காயெண்ணெய் வாசம் வாசல் வரைக்கும் வந்துச்சு.

கலியமூர்த்தி தன்னோட ரெண்டையும் வேட்டியில மறைக்கப் பார்த்தாரு. சபாபதி வெடுக்குனு பிடுங்கி, அஞ்சையும் ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டித் தம்பி கையில திணிச்சாரு. கட்டில்ல உக்காந்து தெருவைப் பார்த்துக்கிட்டாரு.

கலியமூர்த்தி சட்டையைக் கழட்டினாரு. இழுத்தாரு. நெஞ்சைக் கிள்ளுச்சு.

“ஒண்ணு,”ன்னாரு சபாபதி, தெருவைப் பார்த்தபடியே.

ரெண்டு. மூணு. அஞ்சுக்கு மூச்சு வாங்குச்சு. எட்டுல முழங்கை நடுங்குச்சு.

“ஒம்பது.”

பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொண்ணு இழுத்தாரு. கை முழுசா நீளல.

“ஒம்பது,”ன்னாரு அண்ணன்.

கலியமூர்த்திக்குக் கண்ணு மங்குச்சு. அந்தக் காலத்துலயும் இப்படித்தான். கை முழுசா நீளுற வரைக்கும் மனுஷன் வாயில பத்து வராது.

மறுபடி இழுத்தாரு.

“ஒம்பது.”