காகிதம் பிடித்த இடம்

அந்தத் தீவில் ஊரும் நாடும் ஒன்றே. அங்கே எச்சில் துப்பினால் அபராதம் என்பது சட்டம். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் வைத்தவருக்கே உரியது என்பது வழக்கம். சட்டத்தை மீறியவர்கள் உண்டு. வழக்கத்தை மீறியவர் அதுவரை இல்லை.

மேசை துடைக்கும் தவமணிக்கு உட்கார்ந்து உண்ணக் கிடைப்பது மதிய இடைவேளை மட்டுமே. ஒருநாள் அவர் பாக்கெட்டை வைத்துவிட்டுச் சோறு வாங்கி வருவதற்குள், அங்காடிக் குழுத் தலைவர் குணரத்தினம் அதைத் தள்ளிவிட்டு அங்கே அமர்ந்திருந்தார்.

"காகிதம் இடம் பிடிக்குமா? எந்தச் சட்டத்துல இருக்கு? காலியா இருந்தா யாரும் உட்காரலாம்."

தவமணி நின்றுகொண்டே உண்டார்.

அங்காடியின் ஆண்டு விழாவுக்கு அமைச்சர் வந்தார். தலைவர் அவரை வரவேற்று அழைத்து வந்தபோது, குணரத்தினத்தின் பெயரெழுதிய தாள் ஒட்டிய முன்வரிசை நாற்காலியில் தவமணி அமர்ந்திருந்தார்.

"எழுந்திரும்மா. பேர் ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது சார். காகிதம் இடம் பிடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. காலியா இருந்துச்சு, உட்கார்ந்தேன்."

அமைச்சர் தலைவரைப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க?"

பின்னர் நடந்தவை இவை: தலைவர் விழா முழுவதும் நின்றார். துப்புரவுப் பணியாளர்களுக்கென ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. அதன்மேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கிறது. அதை நகர்த்தச் சட்டத்தில் இன்றும் தடையில்லை; தலைவர் நகர்த்துவதில்லை.